அரிசி என்ன பாவம் செய்தது?

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய ஒரு பலசரக்குக் கடை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வெல்லம் வாங்க நின்றுகொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் வந்து இறங்கிய ஓர் அம்மா, பாதி காலியான அரிசிப் பையைக் கடைப் பலகையில் பொத்தென்று வைத்தார்.

‘‘அண்ணாச்சி, இதென்ன அரிசி குடுத்திய? குழஞ்சு கூழா போவுது. மாத்தித் தாங்க!’’

அண்ணாச்சி கோபப்படவில்லை. ‘‘எதுல பொங்குதிய தாயி?’’ என்றார்.

‘‘குக்கர்லதான்.’’

‘‘எத்தன விசிலு?’’

‘‘நாலு.’’

அண்ணாச்சி தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். ‘‘நாலு விசில் அடிச்சா நானே குழஞ்சு போவேன் தாயி. அரிசி என்ன பாவம் செஞ்சுது?’’

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனாலும், பையை மாற்றிக்கொண்டு ‘சன்னமா, பொலபொலன்னு வர்ற’ வெளிமாநில அரிசி ஒரு பை வாங்கிக்கொண்டுதான் போனார். எனக்கு அங்கேதான் சிரிப்பு நின்றது.

எந்த ஊரில் இது நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. வேதசர்மா நைவேத்தியத்துக்குக் காயவைத்த நெல்லை மழை அடித்துக்கொண்டு போகாமல் சிவபெருமானே வேலி கட்டிக் காத்தார், அதனால் ‘திரு நெல் வேலி’ என்பது தலபுராணம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். புராணம் வேண்டாம், விஞ்ஞானம் பேசு என்கிறீர்களா? இதே தாமிரபரணிக் கரையில், சிவகளையில், முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்மணியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதாவது, 3,200 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவருக்கும் நெல்லைக் கூடவே வைத்து அனுப்பிய ஊர் சார் இது! அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்குத் தங்கள் ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசியை, ‘குழையுது’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நான் இன்று சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம்தான். சோறு குழைந்தால் அது அரிசியின் குற்றம் இல்லை. பெரும்பாலும் நம் குற்றம். அந்தக் குற்றத்துக்கு அபராதம் கட்டுகிறவன் மட்டும் நாம் இல்லை, வயலில் நிற்கிறவன்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிற தாமிரபரணி, இருநூறு மைல் ஓடுகிற ஆறல்ல. சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாகத் திருவைகுண்டம். பெயர்களைச் சொல்லும்போதே வாய் ஈரமாகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பி கார் சாகுபடி, வடகிழக்கை நம்பி பிசானம் என்று இரண்டு போகம். இந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் தோதான நெல் எது என்று கண்டுபிடிக்க அம்பாசமுத்திரத்தில் 1937-லேயே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அங்கிருந்து 1986-ல் வெளிவந்த ரகம்தான் ஏ.எஸ்.டி. 16. நம் விவசாயிகள் செல்லமாக ‘அம்பை 16’ என்பார்கள். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து நாளில் விளைந்துவிடும். குட்டையாக, குண்டாக, திடமான அரிசி. புழுங்க வைத்து, சோறாக்கி, வடித்து, மேலே சொதியை ஊற்றினால்... சரி, அது பிறகு.

இப்போது இந்தக் குண்டு அரிசியின் கதி என்ன? பல ஊர்களில் ‘இட்லி அரிசி’ என்று முத்திரை குத்தி மாவாட்ட அனுப்பிவிட்டார்கள். ‘மோட்டா அரிசி’ என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். அரசாங்கக் கணக்கிலேயே நெல்லுக்கு இரண்டு ஜாதி. சன்னமாக இருந்தால் ‘ஏ கிரேடு’, குண்டாக இருந்தால் ‘சாதாரண ரகம்’. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,369 ரூபாய், ஏ கிரேடு 2,389 ரூபாய். இருபது ரூபாய் வித்தியாசம். நம் மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்ததும் அது 2,500, 2,545 என்றாகி, வித்தியாசம் நாற்பத்தைந்து ரூபாய் ஆனது. உடம்பு குண்டாக இருந்ததற்கு அபராதம்! விதைக்கிறவன் கணக்குப் போடுவானா மாட்டானா? ‘ஊர்க்காரனே திங்க மாட்டேங்கான், நான் எதுக்கு இதைப் போடணும்?’ என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? 2023 டிசம்பரில் பேய்மழை பெய்து, ஆறு கரை உடைத்து, பிசான வயல்கள் எல்லாம் ஏரியாகக் கிடந்ததே... அதற்கு வானத்தைக் குற்றம் சொல்லலாம். நம் வீட்டு அடுப்படியில் நடக்கிற அநியாயத்துக்கு யாரைச் சொல்வது?

அடுப்படிக்கே போவோம், வாருங்கள்.

டெனிஸ் பாப்பின் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1679-ல் இறுக்கி மூடிய ஒரு பாத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். எதற்காக அதைச் செய்தார் தெரியுமா? எலும்பை மெத்தென்று ஆக்கி, அதிலிருக்கிற சத்தை எடுக்க! அந்தப் பாத்திரத்தின் பேரன்தான் உங்கள் வீட்டு குக்கர். உள்ளே சுமார் 120 டிகிரி. எலும்பையே மெத்தென்றாக்கப் பிறந்த சாமானுக்குள் அம்பை பதினாறைப் போட்டு, அடைத்து, நாலு விசில் விட்டு, திறந்து பார்த்து, ‘ஐயோ குழைந்துவிட்டதே’ என்றால்... குழையாமல் வேறென்ன செய்யும்? எழுந்து நின்று வணக்கம் சொல்லுமா?

சோறு ஏன் ஒட்டுகிறது என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அரிசிக்குள் இருப்பது மாவுச்சத்து. அதில் இரண்டு வகை. அமைலோஸ், அமைலோபெக்டின். முதலாவது அதிகமிருந்தால் சோறு உதிரும், இரண்டாவது ஓங்கியிருந்தால் ஒட்டும். அரிசி வேகும்போது இந்த மாவு கொஞ்சம் கரைந்து தண்ணீருக்குள் வரும். நிறையத் தண்ணீர் வைத்து வடித்தீர்களானால், கரைந்த மாவெல்லாம் கஞ்சியோடு போய்விடும். மணி தனித்தனியாக நிற்கும். குக்கரில் அளவுத் தண்ணீர்தான். கரைந்த மாவு போக வழியில்லை. அது சோற்றின் மேலேயே பசையாகப் படிகிறது. ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கிண்டுகிற பசைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இன்னொன்று. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரும். நம் ஆச்சிமார்களுக்கு இது தெரியும். அதனால்தான் நெல்லைப் பத்தாயத்தில் ஆறு மாதம், ஒரு வருஷம் போட்டு வைத்து எடுத்துக் குத்தினார்கள். நமக்குப் பத்தாயமும் இல்லை, பொறுமையும் இல்லை. மாசி, பங்குனியில் பிசானம் அறுத்த கையோடு அரைத்து வந்த அரிசியை வாங்கி, அதே பழைய கணக்கில் தண்ணீர் ஊற்றி, குழைந்ததும் கடைக்காரர் சட்டையைப் பிடிக்கிறோம். ‘புது அரிசியா அண்ணாச்சி?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவரே சொல்லிவிடுவார்.

சரி, எப்படித்தான் பொங்குவது? தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் இப்போது நிறையப் பேர்.

ஒரு டம்ளர் புழுங்கல் அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து, அரை மணி நேரம் ஊற விடுங்கள். கனமான பாத்திரத்தில் ஐந்து டம்ளர் தண்ணீரை உலை வையுங்கள். உலை தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றுகிறவர்கள் பாதிப் பாவத்தை அங்கேயே செய்துவிடுகிறார்கள். போட்டதும் அகப்பையால் ஒரு தடவை அடி வரை துழாவி விடுங்கள். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். பொங்கி அடுப்பில் வழியாமலிருக்கப் பாதி மூடி போதும். சும்மா சும்மா கிண்டாதீர்கள். கிண்டினால் மணி உடையும், உடைந்தால் மாவு வெளியே வரும். இருபது நிமிடம் ஆனதும் ஒரு பருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் நாலைந்து நிமிடம். புள்ளி இல்லையா? உடனே ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். வேக்காடு அங்கேயே நிற்கும். வடிதட்டைப் போட்டு, துணியால் இறுகப் பிடித்து, சாய்த்து வையுங்கள். பத்து நிமிடத்தில் கஞ்சி முழுக்க இறங்கிவிடும். நிமிர்த்தி, பாத்திரத்தை ஒரு குலுக்குக் குலுக்கி, அணைத்த அடுப்பின் சூட்டிலேயே ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு திறந்து பாருங்கள். குண்டு மல்லி கொட்டினது போல இருக்கும். ‘சோறு பூவா இருக்கு’ என்று எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான்.

அவ்வளவுதான். இதற்குப் பாசுமதி வேண்டாம், எண்ணெய் விட வேண்டாம், எலுமிச்சை பிழிய வேண்டாம்.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். எனக்கு வரப்போகும் கடிதங்களை இப்போதே என்னால் படிக்க முடிகிறது.

‘குக்கரில் கேஸ் மிச்சம்!’ உண்மை. மறுக்க மாட்டேன். ஆனால் அரை மணி ஊறவைத்தாலே வேகிற நேரம் குறையும். இன்னொரு வழியும் இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே ‘சூடாறாப்பெட்டி’ என்று ஒன்றை, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வீடு வீடாகப் பரப்பியது. அரிசியைக் கொதிக்கவிட்டு, பானையை அப்படியே சூடு போகாத பெட்டிக்குள் இறக்கி மூடிவிட வேண்டியது. அடுப்பே இல்லாமல் உள்ளே வெந்துகொண்டிருக்கும். பிறகு எடுத்து வடித்துக்கொள்ளலாம். குண்டு மட்டை அரிசி சாப்பிடுகிற அவர்கள், அரிசியைக் குற்றம் சொல்லாமல் பாத்திரத்தை மாற்றினார்கள். நாம் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அரிசியை மாற்றுகிறோம்.

‘வடித்தால் சத்தெல்லாம் போய்விடுமே!’ இதுவும் ஓரளவு உண்மைதான். பி வகை வைட்டமின்கள் தண்ணீரில் கரையும். ஆனால், புழுங்கல் அரிசிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போதே தவிட்டில் இருக்கிற சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர், பாலிஷ் போட்ட அரிசியைத் தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதைப் பார்த்தார். அந்த வழியில் போய் 1929-ல் நோபல் பரிசே வாங்கினார். பெரிபெரி நோயின் மர்மம் அப்படித்தான் விடுபட ஆரம்பித்தது. நம் ஊர்ப் புழுங்கல் அந்தப் பரீட்சையில் எப்போதோ பாஸ் ஆகிவிட்டது. போதாததற்கு, வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னது யார்? உப்புப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். மோர் விட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். முன்னெல்லாம் பருத்திப் புடவை விறைப்பாக நின்றதும் அந்தக் கஞ்சியால்தான்.

‘வடித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதாமே?’ இந்தக் கேள்வி என் கட்சிக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்களையும் விடப் போவதில்லை. கஞ்சியோடு போவது கொஞ்சம் மாவுதான். தட்டில் மலையாகக் குவிந்திருப்பது மாவுச்சத்துதான். வடித்ததாலேயே மூன்று தட்டுச் சாப்பிடலாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறவர்கள் அளவைக் குறையுங்கள், கறி, கீரையைக் கூட்டுங்கள். ருசிக்காக வடியுங்கள். மருந்து என்று நினைத்து வடிக்காதீர்கள்.

‘இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யாருக்குச் சார் நேரம்?’ இதுதான் கடைசி ஆட்சேபம், கனமான ஆட்சேபம். காலையில் ஆறு மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்து, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற ஒரு பெண் இதைக் கேட்டால் எனக்கு வாய் திறக்காது. குக்கர் வந்தபோது அந்தப் பெண்ணுக்குத்தான் விடுதலை வந்தது. கஞ்சி வடித்துக் கையைச் சுட்டுக்கொண்ட தழும்பு எத்தனை தாய்மார்களின் மணிக்கட்டில் இருக்கிறது! என் அம்மா கையிலும் இருந்தது. ஆகவே, அந்தப் பெண்ணிடம் ‘குக்கரை விடு, வடி’ என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை.

நான் வந்தது ஐயாவிடம் பேச.

‘என்ன சோறு இது, களிம்பு மாதிரி!’ என்று தட்டைத் தள்ளுகிறாரே, அந்த ஐயாவிடம். பூவாகச் சோறு கேட்பது நீங்கள், சுடுகஞ்சியில் கை வைப்பது இன்னொருவரா? கல்யாண வீட்டுத் தவசுப்பிள்ளைகளைப் பாருங்கள். அத்தனை பேரும் ஆண்கள். அண்டா அண்டாவாகப் பொங்கி, மூங்கில் கூடையில் வடித்து, துணி விரித்த பாயில் கொட்டி ஆவி போக்குகிறார்கள். வடித்துத் தம் போடுகிற பிரியாணி மாஸ்டரும் ஆண்தான். ஈரானில் அரிசியை அரை வேக்காட்டில் வடித்து, மூடியில் துணி சுற்றித் தம் போடுவார்கள். ஒவ்வொரு மணியும் தனியாக நிற்கும். வெளியில் சம்பளத்துக்கு வடிக்கத் தெரிந்த ஆண் கை, வீட்டுக்குள் வந்ததும் மட்டும் ஏன் மடங்கிக்கொள்கிறது? அரை மணி நேரம் டி.வி. முன்னால் உட்காருகிற ஐயா, அந்த அரை மணியை அடுப்பு முன்னால் நில்லுங்கள். அரிசிக்கும் மரியாதை, வீட்டுக்கும் மரியாதை.

இன்னொரு பழியையும் சொல்லாமல் விட முடியாது. ரேஷன் அரிசி. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூன் முதல் இலவசமாகவே வருகிறது. இத்தனை வருஷத்தில் அதை ‘கோழித் தீவனம்’ என்று சொல்லாத நடுத்தர வர்க்கம் உண்டா? சில சமயம் மோசமான சரக்கு வருவது உண்மை. வண்டும் வாடையுமாக வந்தால் சண்டை போட வேண்டியதுதான். நல்ல சரக்கு வரும்போதும் ஒரே பாட்டுத்தான்... ‘வேகாது, வெந்தால் குழையும்!’ பிறகு செறிவூட்டப்பட்ட அரிசி வேறு வந்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்தார்கள். அந்த மணி நிறம் சற்று மாறியிருக்கும், களையும்போது சிலது மிதக்கும். உடனே ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ! அந்த அரிசியை நம்பித்தான் நம் தெருவைக் கூட்டுகிற அம்மாவின் வீட்டில் உலை கொதிக்கிறது. அதை இரண்டு தண்ணீர் அதிகம் களைந்து, ஊறவைத்து, பொறுமையாக வடிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் சாப்பிட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லாச் சோறும் உதிரியாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு மூட நம்பிக்கைதான். எங்கள் ஊர்க் கூட்டாஞ்சோறு குழைந்தால்தான் அழகு. உளுந்தஞ்சோறு சற்றுக் குழைவாக இருந்து, பக்கத்தில் எள்ளுத் துவையல் இருக்க வேண்டும். ஆனால், தேங்காய்ப்பால் சொதிக்கு மட்டும் சோறு பூவாக நிற்க வேண்டும். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்கிறார்களே, அங்கே குக்கர் சோறு போட்டால் சம்பந்தமே முறிந்துபோகும்! எதற்கு எது என்று தெரிந்திருப்பதற்குப் பெயர்தான் சமையல். பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் குக்கர் இருக்கட்டும். சோற்றுக்குப் பானை இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். கடையில் ‘அம்பை பதினாறு இருக்கா அண்ணாச்சி?’ என்று பெயர் சொல்லிக் கேட்டு, ஒரு கிலோ வாங்குங்கள். பழசா புதுசா என்று விசாரியுங்கள். உலை வைத்து, மேலே சொன்னபடி வடியுங்கள். குழைந்தால் எனக்குத் திட்டி ஒரு கார்டு போடுங்கள். பூவாக வந்தால் எனக்கு எழுத வேண்டாம். அடுத்த மாதமும் அதே அரிசியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் மில்லில் கேட்பார், மில்காரர் வயலில் கேட்பார். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் அடுத்த காருக்கு எந்த விதையை ஊறப்போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர் காதுக்கு உங்கள் குரல் போய்ச் சேர வேறு பாதை கிடையாது.

ஆங்... கஞ்சியை வடிக்கும்போது மறக்காமல் ஐயாவைக் கூப்பிடுங்கள்.